கொழுப்புக் குளிசையும் தசை நோவும்
(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற உரை)



இம்மேடையிலே ஆண்டுதோறும் சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். இவ்வாண்டு எமக்கும் ஒரு வாய்ப்பு அளிக்கப்பட்டது. பேசும் பொருள் யாதென்று செயலாளர் வினவியபோது, "குளிசை" என்று விடையளித்தோம். அவர் நகைத்தார். நகைப்பதற்கு இடமில்லாத விடயம் என்பதை இவ்வுரை முடியுமுன் அவரும் ஒப்புக்கொள்வார் என்று நம்புகின்றோம்.

கொக்குவிலிலே எந்த வீட்டுக்குச் சென்றாலும் சுவாமிப் படத்தட்டின் பக்கத்திலோ, குளிர்சாதனப் பெட்டியின் மேலோ ஒரு பொலித்தீன் பை தொங்குவதைக் காணலாம். அதற்குள்ளே கிளினிக் கொப்பியும், பிரஷர் குளிசையும், நீரிழிவுக் குளிசையும், இரவிலே போடுகின்ற கொலஸ்ரோல் குளிசையும் இருக்கும். இந்த மூன்றாவது குளிசையைப் பற்றியே ஊரிலே பேச்சு அதிகம். "அது காலை முடக்கும்", "நரம்பைத் தின்னும்", "தொடங்கினால் விடேலாது" என்று தேர் முட்டியடியிலும், சந்தையிலும், செத்தவீட்டிலுங்கூடப் பேசப்படுகின்றது. இப்பேச்சிலே உண்மை எவ்வளவு, பொய் எவ்வளவு என்று பிரித்தறிவதே எமது நோக்கம்.

வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியிலே மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் உண்டு என்று வகுத்தார். நோயுற்றவன் ஒன்று, நோய் தீர்ப்பவன் ஒன்று, மருந்து ஒன்று, மருந்தை அருகிலிருந்து கொடுப்பவன் ஒன்று. முதல் மூன்றையும் எல்லோரும் அறிவோம். நான்காமவனை உலகம் மறந்துவிடுகின்றது. இங்கே கூடியிருக்கும் வாலிபர்களாகிய நாம் எல்லோரும் அந்த நான்காமவர்களே. நான்காமவன் பிழைவிட்டால் மற்றைய மூன்றும் பயனற்றுப்போகும். இதனை நாம் நூலிலே கற்றோமல்லோம்; எமது வீட்டிலே கற்றோம்.

எமது அம்மம்மாவுக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. பல ஆண்டுகளாக அற்றோவஸ்டற்றின் என்னும் கொலஸ்ரோல் குளிசையை ஒழுங்காகப் போட்டு வந்தார். ஒரு மாரி காலத்திலே அவருக்குத் தொடை இரண்டும் சோர்ந்தன. பலகையிலிருந்து எழும்பச் சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. "மோனை, காலெல்லாம் விறைச்சுப் போய்க் கிடக்கு, கோயில் படி ஏறேலாமல் கிடக்கு" என்றார். அயலிலே ஒருவர், "எல்லாம் அந்தக் கொழுப்புக் குளிசை செய்யிற வேலை" என்றார். நாம் அன்றிரவு கைத்தொலைபேசியிலே ஒரு மணித்தியாலம் வாசித்தோம். தசை நோவு அக்குளிசையின் பக்கவிளைவு என்று அச்சிட்டாற்போல அங்கே இருந்தது. விடிந்ததும், "அம்மம்மா, இனி இந்தக் குளிசையைப் போடாதேங்கோ" என்று கட்டளையிட்டோம். "நீ படிச்ச பிள்ளை, நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார் அவர். அவ்வார்த்தை இன்றும் எம் காதிலே ஒலிக்கின்றது.

குளிசை நின்றது. நோவு நிற்கவில்லை. ஒரு மாதம் சென்றும் அவர் சுவரைப் பிடித்தே எழும்பினார். எமது கருத்து பிழையென்பதற்கு அதுவே போதிய சான்று. நாமோ, "மருந்தின் நஞ்சு உடம்பிலிருந்து இறங்கக் காலம் எடுக்கும்" என்று ஒரு நியாயத்தை நாமே படைத்துக்கொண்டோம். கிளினிக்கிலே கேட்டால் "போடுகிறேன்" என்று சொல்லும்படியும் கற்பித்தோம். ஐந்தாம் மாதம் ஒரு விடியற்புறம் அவருக்கு நெஞ்சு நோவு கண்டது. ஓட்டோவிலே ஏற்றிக்கொண்டு ஓடினோம். மாரடைப்பு என்றார்கள். வைத்தியர் இளையவர், எம்மைவிடச் சில வயதே மூத்தவராக இருத்தல் வேண்டும். "என்ன என்ன குளிசை போடுகிறவ?" என்று அவர் கேட்டபோது எமக்கு நா எழவில்லை.

அம்மம்மா பிழைத்தார். அங்கே எடுத்த இரத்தப் பரிசோதனையிலே இன்னொன்று வெளிப்பட்டது. அவருடைய தைரொயிட் சுரப்பி வேலை குன்றியிருந்தது. அச்சுரப்பு குறைந்தாலே தசை சோரும், கொலஸ்ரோலும் ஏறும். அக்குறைக்கு உரிய மருந்து கொடுக்கப்பட்டுச் சில கிழமைகளுக்குள் தொடையின் சோர்வு மெல்ல மெல்ல நீங்கியது. கொலஸ்ரோல் குளிசையும் வைத்தியரின் மேற்பார்வையிலே மீண்டும் தொடங்கப்பட்டது. இன்று அவர் இச்சபையிலே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். குளிசையை நிறுத்தியதனாலேதான் மாரடைப்பு வந்தது என்று எம்மால் நிரூபிக்க இயலாது. ஆயினும் அவரைக் காக்க இருந்த வேலியை எமது கையாலே பிடுங்கினோம் என்பது மட்டும் நிச்சயம். அந்தப் பிழையே எம்மை இப்பொருளைப் பற்றிப் படிக்கத் தூண்டியது.

அன்பர்களே, கொலஸ்ரோல் என்பது முற்றிலும் தீய பொருளன்று. உடம்பின் ஒவ்வொரு கலத்தின் மென்சவ்வுக்கும் அது வேண்டும். அதிற் பெரும்பகுதியை எமது உடம்பே ஆக்கிக்கொள்கின்றது. இரத்தத்திலே அது மிகுந்து நாடிகளின் உட்சுவரிலே படியும்போதுதான் மாரடைப்பும் பாரிசவாதமும் தோன்றுகின்றன. ஸ்டற்றின் என்னும் மருந்தினம், ஈரலிலே கொலஸ்ரோல் உண்டாவதற்குத் துணைநிற்கும் ஒரு நொதியத்தைத் தடுக்கின்றது. உற்பத்தி குறையவே ஈரல் தனக்கு வேண்டியதை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கின்றது; இரத்தத்திலுள்ள கொலஸ்ரோல் இறங்குகின்றது. ஈரல் கொலஸ்ரோலை இரத்தத்திலிருந்து இழுக்கும் வழியைக் கண்டறிந்த பிரவுண், கோல்ட்ஸ்ரைன் என்னும் இரு அமெரிக்கருக்கு 1985இலே நோபெல் பரிசு கிடைத்தது.

இம்மருந்து தோன்றிய கதை எம்மவருக்கு உவப்பானது. பூஞ்சணத்திலிருந்து பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங்கின் வரலாற்றை இளமையிலே படித்து வியந்தவர் அக்கிரா எண்டோ என்னும் யப்பானியர். கொலஸ்ரோலைக் குறைக்கும் பொருளும் பூஞ்சணங்களிலே இருக்கலாமென்று கருதி, 1971 முதல் ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்தார். 1973இலே, அரிசியிலே படர்ந்த நீலப்பச்சைப் பூஞ்சணம் ஒன்றிலிருந்து கொம்பக்ரின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். அதுவே முதல் ஸ்டற்றின். அவர் 2024இலே தொண்ணூறாம் வயதிற் காலமானார். புழுத்த அரிசியென்று நாம் குப்பையிலே கொட்டுவதிலிருந்து கோடிக்கணக்கானவரின் உயிரைக் காக்கும் மருந்தொன்று பிறந்தது.

இனி, தசை நோவுக்கு வருவோம். அது வீண் வதந்தியா? அன்று. இம்மருந்தை நோய்க்காக உண்ட முதல் நோயாளியிடத்திலேயே அது காணப்பட்டது. 1978இலே ஒசாக்காவில் யமமோட்டோ என்னும் வைத்தியர், பிறவியிலேயே கொலஸ்ரோல் மிகமிக உயர்ந்திருந்த பதினெட்டு வயதுப் பெண்ணொருத்திக்குக் கொம்பக்ரின் கொடுத்தார். நாளொன்றுக்கு 500 மில்லிகிராம். கொலஸ்ரோல் இறங்கியது. ஆனால் சில கிழமைகளுக்குள் அவளுடைய தசைகள் பலவீனமடைந்தன. யமமோட்டோ மருந்தை நிறுத்தினார், பலவீனம் மறைந்தது. பின்பு 200 மில்லிகிராமாகக் குறைத்து மீண்டும் கொடுத்தார். தீங்கின்றிப் பயன் கிடைத்தது. நண்பர்களே, இந்தச் சிறு வரலாற்றிலே நாம் அறியவேண்டிய பாடம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. தீங்கு உண்டு, அது அளவைப் பொறுத்தது, நிறுத்தினால் மாறும், குறைத்துத் தொடங்கலாம். யமமோட்டோ அஞ்சி மருந்தையே எறிந்திருந்தாலும், நோவைப் பொருட்படுத்தாது தொடர்ந்திருந்தாலும் இம்மருந்து உலகுக்குக் கிடைத்திராது.

தீங்கின் கோர முகத்தையும் உலகம் ஒருமுறை கண்டது. செரிவஸ்டற்றின் என்னும் ஒருவகை ஸ்டற்றினை உண்டோர் சிலருக்குத் தசைநார்கள் சிதைந்து, அச்சிதைவு இரத்தத்திலே கலந்து சிறுநீரகத்தை அடைத்தது. கூடிய அளவிலே உண்டோரும், ஜெம்பிபுரோசில் என்னும் வேறொரு கொழுப்பு மருந்தையும் சேர்த்து உண்டோருமே பெரும்பாலும் பாதிக்கப்பட்டனர். 52 மரணங்கள் அறிவிக்கப்பட்ட நிலையில், 2001 ஆகஸ்டிலே உற்பத்தி செய்த பேயர் கம்பனியே அதனைச் சந்தையிலிருந்து மீட்டுக்கொண்டது. இன்று எமது கிளினிக்குகளிலே கொடுக்கப்படும் ஸ்டற்றின்கள் அதுவல்ல. ஆயினும் அந்நிகழ்ச்சியின் நிழல் எல்லா ஸ்டற்றின்கள் மீதும் விழுந்துவிட்டது.

அப்படியானால் இக்குளிசை போடுவோருள் எத்தனை பேருக்கு உண்மையாகவே அதனால் நோவு வருகின்றது? 2022இலே ஒக்ஸ்போட் அறிஞர்கள் 19 பெரும் பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தனர். அவற்றிற் பங்குபற்றியோர் ஏறக்குறைய 1,24,000 பேர். பாதிப் பேருக்கு மெய்க் குளிசை. பாதிப் பேருக்கு அதே தோற்றமுள்ள பொய்க் குளிசை. எவருக்கு எது என்று கொடுப்பவரும் அறியார், உண்பவரும் அறியார். சில ஆண்டுகளின் பின் கணக்கெடுத்தபோது, மெய்க் குளிசை உண்டோருள் நூற்றுக்கு 27.1 பேர் தசை நோவோ சோர்வோ உண்டென்றனர். பொய்க் குளிசை உண்டோருள் நூற்றுக்கு 26.6 பேர் அவ்வாறே கூறினர்! மருந்தினால் மேலதிகமாக வந்த நோவு முதலாண்டிலே ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 11 பேரிடமே காணப்பட்டது. முறையிட்டவர்களிலே பத்துக்கு ஒன்பது பேருக்குமேல் நோவின் காரணம் வேறு.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை எமது குடாநாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐம்பது, அறுபது வயதைக் கடந்தோருக்கு நோவு வருவது இயல்பு. அதே வயதிலேதான் கொலஸ்ரோல் குளிசையும் தொடங்குகின்றது. பழம் பழுத்து விழுந்தது. பழி காகத்தின் மேல்.

"அப்படியானால் நோவு பொய்யா? நாங்கள் நடிக்கிறோமா?" என்று தாய்மார் கேட்கலாம். இல்லை, நோவு மெய்யே. இலண்டனிலே, பக்கவிளைவு தாங்காது ஸ்டற்றினைக் கைவிட்ட 60 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2020இலே வெளிவந்தது. ஓராண்டிலே நான்கு மாதம் மெய்க் குளிசை, நான்கு மாதம் பொய்க் குளிசை, நான்கு மாதம் ஒரு குளிசையும் இல்லை. இவை முன்பின்னாகக் கலந்து வந்தன. நாள்தோறும் தமது துன்பத்தை நூற்றுக்கு இத்தனை என்று அவர்கள் குறித்தனர். குளிசையில்லா மாதங்களிலே சராசரி 8. பொய்க் குளிசை மாதங்களிலே 15.4, மெய்க் குளிசை மாதங்களிலே 16.3. துன்பத்தின் பெரும்பகுதி குளிசையினுள்ளே இருந்த மருந்தினால் வந்ததன்று. குளிசை உண்கிறோம் என்னும் அச்சத்தினால் வந்தது. தாம் குறித்த இக்கணக்கைத் தாமே கண்டபின், அவர்களுட் பாதிப் பேர் மருந்தை மீண்டும் தொடங்கினர். மனத்தின் அச்சம் உடம்பிலே நோவாக முளைக்கும் என்பது எம் முன்னோர் அறியாததன்று.

ஆனால், "பத்துக்கு ஒன்பது பேருக்கு இல்லை" என்று சொல்லி அந்தப் பத்தாம் ஆளைக் கைவிட்டுவிடலாகாது. அவனை எவ்வாறு இனங்காண்பது? மருந்தினால் வரும் தசை நோவு பெரும்பாலும் இரு பக்கமும் ஒத்து வரும். தொடை, இடுப்பு, கெண்டைக்கால், தோள் முதலிய பெருந்தசைகளிலே வரும். குளிசை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில கிழமைகளுக்குள் தோன்றும். நிறுத்திய சில கிழமைகளுக்குள் நீங்கும். ஒரு முழங்காலிலே மட்டும் நோவெனின் அது மூட்டைச் சார்ந்ததாக இருக்கலாம். நடக்கும்போது கெண்டைக்கால் இறுகி, நின்றால் ஆறுமெனின் காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாடி ஒடுங்கியிருக்கலாம். அத்தகையவர் குளிசையை நிறுத்துவது எரிகின்ற வீட்டிலே வாளியைக் கவிழ்ப்பதாகும்.

தசை சிதைகின்றதா என்பதை அறிய சீ.கே. என்னும் இரத்தப் பரிசோதனை உண்டு. அது வழமையான மேலெல்லையிலும் பத்து மடங்கு ஏறினால் மருந்தை உடனே நிறுத்துவர். இத்தகைய கடுந்தீங்கு ஆண்டொன்றுக்குப் பதினாயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கே வரும். இன்னும் அரிதாக, இலட்சத்திலே இரண்டு மூன்று பேருக்கு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தசையைத் தாக்கத் தொடங்கி, குளிசையை நிறுத்திய பின்னும் சோர்வு வளர்ந்து செல்லும். அதற்கு வேறு சிகிச்சை வேண்டும். நிறுத்தியும் தேறாதவரை வீட்டிலே வைத்திருத்தல் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. பாதம் எரிகின்றது, ஊசி குத்துவது போலிருக்கிறது, செருப்புக் கழன்றதும் தெரியவில்லை என்று எம் பெரியோர் முறையிடுவதுண்டு. 2002இலே டென்மார்க்கிலே வெளிவந்த ஓர் ஆய்வு ஸ்டற்றினுக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் தொடர்பு உண்டென்றது. உலகெங்கும் அச்சம் பரவியது. அதே டென்மார்க்கிலே 2017இலே வெளிவந்த பிறிதோர் ஆய்வு அத்தகைய தொடர்பைக் காணவில்லை. எனவே அரிதாக எவருக்கேனும் நேர்தல் கூடும் என்பதற்குமேல் இன்று கூறுவதற்கில்லை. எம்மவரின் பாத எரிவுக்கு வேறு இரு காரணங்கள் முன்னே நிற்கின்றன. ஒன்று நீரிழிவு. மற்றையது பீ 12 என்னும் உயிர்ச்சத்துக் குறைவு. நீரிழிவுக்கு உண்ணும் மெற்போமின் குளிசை நெடுங்காலம் சென்றால் அச்சத்தைக் குறைக்கும். சைவ உணவிலும் அது மிகக் குறைவு. பாலும் தயிருமே ஓரளவு தருவன. நீரிழிவும் உடைய சைவ போசனக்காரர் பாதம் எரிந்தால், கொலஸ்ரோல் குளிசையைக் குற்றஞ்சாட்டுமுன் பீ 12 பற்றி வைத்தியரிடம் கேட்பது அறிவுடைமை.

எவருக்கு மருந்தின் தீங்கு வருதல் எளிது? முதுமையுற்றோர், மெலிந்த உடம்பினர், சிறுநீரகம் அல்லது ஈரல் தளர்ந்தோர், தைரொயிட் குறைந்தோர், மிகக் குடிப்போர், கூடிய அளவிலே குளிசை உண்போர் ஆகியோருக்கு. இனத்தைப் பொறுத்தும் வேறுபாடு உண்டு. சிங்கப்பூரிலே வாழும் சீனர், மலாயர், இந்திய வம்சத்தவர், வெள்ளையர் ஆகியோருக்கு ரொசுவஸ்டற்றினைச் சம அளவிலே கொடுத்துச் சோதித்தபோது, வெள்ளையரைவிட மற்றையோரின் இரத்தத்திலே மருந்து கூடுதலாக நின்றது. இந்திய வம்சத்தவரிடம் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல். 2005 முதல் அமெரிக்காவிலே ஆசியருக்கு 5 மில்லிகிராமிலே தொடங்கும்படி விதித்தனர். வெள்ளையனின் அளவுச் சட்டை எமக்குப் பொருந்தாது என்பது மருந்திலும் மெய்யாயிற்று.

எல்லாவற்றிலும் கொடியது மருந்தோடு மருந்து மோதுவது. எமது அயலிலே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சிம்வஸ்டற்றின் உண்டு வந்தார். நெஞ்சுச் சளி பிடித்து ஓரிடத்திலே மருந்து எடுத்தார். முன்பு என்ன குளிசை உண்கிறார் என்று கேட்பாரில்லை, அவரும் சொல்லவில்லை. கிளரித்ரோமைசின் என்னும் கிருமிகொல்லி கொடுக்கப்பட்டது. அம்மருந்து சிம்வஸ்டற்றின் உடம்பிலிருந்து கழியாதபடி தடுக்கும். இரண்டையும் சேர்த்தல் ஆகாது. சில நாளிலே தொடையும் தோளும் அடித்துப் போட்டாற்போல நொந்தன. சிறுநீர் வெறுந் தேத்தண்ணி நிறமாயிற்று. "உட்சூடு" என்று இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் அவரைப் பார்க்கச் சென்றபோது கதிரையைவிட்டு எழமுடியாதிருந்தார். அம்மம்மாவின் நிகழ்ச்சிக்குப் பின் ஓரளவு படித்திருந்தமையால், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும்படி வற்புறுத்தினோம். சிறுநீரகம் தாக்கப்பட்டிருந்தது, இரு கிழமை நாளத்தின் வழி நீர் ஏற்றப்பட்டுத் தேறினார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் பக்கத்திலே வைத்துப் பாருங்கள். அம்மம்மாவுக்கு நிறுத்தக்கூடாத இடத்திலே நிறுத்தினோம். ஆசிரியருக்கு நிறுத்தவேண்டிய இடத்திலே தொடர்ந்தார்கள். இரண்டு வீட்டிலும் மருந்து நல்லது, வைத்தியரும் இருந்தார், நோயாளியும் சொற்கேட்டவர். தவறியது நான்காம் கூறு.

கிளரித்ரோமைசின் மட்டுமன்று. எரித்ரோமைசின், படர்தாமரை முதலிய பூஞ்சண நோய்க்கு உண்ணும் இற்றிரகொனசோல், முன்னே கூறிய ஜெம்பிபுரோசில் ஆகியனவும் சில ஸ்டற்றின்களோடு பொருந்தா. எனவே எந்த வைத்தியரிடம் சென்றாலும், பல்லுப் பிடுங்கச் சென்றாலுங்கூட, உண்ணும் குளிசையெல்லாவற்றையும் காட்டுதல் வேண்டும்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் அன்போடு அனுப்பும் போத்தல்களையும் காட்டுதல் வேண்டும். "இது இயற்கை மருந்து, பக்கவிளைவு இல்லை" என்று செவ்வரிசிப் பூஞ்சணத்திலே செய்த குளிசை கனடாவிலிருந்து வருகின்றது. அதனுள்ளே இருப்பது என்ன தெரியுமா? லொவஸ்டற்றினேதான்! 1987இலே அமெரிக்காவிலே அனுமதிக்கப்பட்ட முதல் ஸ்டற்றின் எதுவோ அதுவே, வேறு சட்டை அணிந்து வருகின்றது. கிளினிக் குளிசைக்கு மேலே இதையும் உண்போர் அறியாமலே இருமடங்கு உண்கின்றனர். பெயர் மயக்கமும் இவ்வாறே. ஒரே மருந்து பல கம்பனிகளின் பல பெயர்களிலே விற்கப்படுகின்றது. 1971இலே தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவராயிருந்த பேராசிரியர் சேனக பிபிலே, மருந்தை அதன் பொதுப் பெயராலேயே எழுதவேண்டும் என்று போராடினார். அவர் வழியிலே, பெட்டியிலுள்ள கம்பனிப் பெயரின் கீழே சிறிய எழுத்திலிருக்கும் பொதுப் பெயரை வாசிக்கப் பழகுவோமாக.

உண்மையாகவே குளிசை ஒத்துவராதவருக்கு வழி அடைபட்டுவிடவில்லை. அளவைக் குறைக்கலாம்; வேறொரு ஸ்டற்றினுக்கு மாறலாம்; சிலருக்கு ஒருநாள் விட்டொருநாள் கொடுப்பர்; எசற்றிமிப் என்னும் வேறினக் குளிசையைச் சேர்ப்பர். இவையெல்லாம் வைத்தியர் செய்யவேண்டியவை. அவர் செய்யவேண்டுமாயின் நாம் மறைக்காது சொல்லவேண்டும்.

இத்தனை தொல்லை எதற்கு, விட்டுவிட்டால் என்ன என்று கேட்போருக்கு ஒரு கணக்கு. 2016இலே வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்றின்படி, முன்னரே இருதய நோய் கண்ட பதினாயிரம் பேர் ஐந்தாண்டு ஸ்டற்றின் உண்டு கொலஸ்ரோலை நன்கு குறைத்தால், ஏறக்குறைய ஆயிரம் பேர் மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவற்றிலிருந்து தப்புவர். அதே பதினாயிரம் பேரில் ஏறக்குறைய ஐந்து பேருக்குக் கடுந் தசைநோய் வரலாம். 50 முதல் 100 பேருக்கு நீரிழிவு புதிதாகத் தோன்றலாம். 5 முதல் 10 பேருக்கு மூளையிலே இரத்தம் கசியலாம். தராசின் இரு தட்டையும் காட்டிவிட்டோம். இருதய நோய் இல்லாத, ஆபத்தும் குறைந்த ஒருவருக்கு இத்தராசு வேறுவிதமாக நிற்கும். எனவே அயலவரின் கொப்பியைப் பார்த்து எமது மருந்தைத் தீர்மானித்தல் தகாது.

வாலிப நண்பர்களே, இது முதியோர் கதையென்று இருந்துவிடாதீர்கள். இலங்கை உட்பட ஐந்து தென்னாசிய நாடுகளிலே ஆராய்ந்து 2007இலே வெளியிட்ட கணக்கின்படி, எம்மவருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. ஏனைய நாட்டவருக்கு அது ஏறக்குறைய 59. ஆறு ஆண்டுகள் முந்தி வருகின்றது யமன் ஓலை. சுருட்டுத் தொழிலாலே பேர்பெற்ற ஊர் எமது ஊர். அத்தொழில் பலருக்குச் சோறு போட்டது. ஆயினும் புகை நாடிக்குப் பகை என்பதைச் சொல்லாது விடுதல் அறமன்று. இருபது வயதிலே புகையை விலக்கி, நாள்தோறும் வேர்க்க நடந்தால் அறுபதிலே குளிசையின் தொகை குறையும்.

நாம் மிஷன் கல்லூரியிலே பயின்றோம். அங்கே எமக்குக் கிடைத்த செல்வங்களுள் ஒன்று வைத்தியர் கிறீனின் வரலாறு. 1847இலே யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன், இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள மானிப்பாயிலே எம்மவருக்கு மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். மருந்து அறிவு மக்கள் மொழியிலே இருத்தல் வேண்டும் என்று பிறநாட்டார் ஒருவர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே உணர்ந்தார். இன்றோ எமது ஊரின் ஆடியபாதம் வீதியிலே ஒரு மருத்துவ பீடமே இருக்கின்றது. அப்படியிருந்தும் எம் பாட்டிமார் தாம் உண்ணும் குளிசையின் பெயரை வாசிக்க இயலாதிருக்கின்றனர். இது அவர்களுடைய குறையன்று, எமது குறை.

ஆதலால் சங்கத்தின் முன்னே ஒரு விண்ணப்பம் வைக்கின்றோம். எமது வாசிகசாலையிலே ஞாயிறுதோறும் ஒரு மணித்தியாலம் ஒதுக்குவோம். தம் பொலித்தீன் பையோடு வரும் முதியோருக்கு, உறுப்பினர் இருவர் ஒரு மட்டையிலே குளிசையின் பொதுப் பெயர், அளவு, போடும் நேரம் ஆகியவற்றைத் தெளிந்த தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுக்கட்டும். மட்டையின் பின்புறத்திலே மூன்று வரிகள் இருக்கட்டும்: நீங்களாக நிறுத்தாதீர்கள், புதிய மருந்து எடுக்குமுன் இம்மட்டையைக் காட்டுங்கள், தசை நோவோடு சிறுநீர் கறுத்தாலோ எழும்ப முடியாவிட்டாலோ அன்றே குளிசையை விட்டு ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எமது வேலையன்று. வாசிப்பதும், எழுதுவதும், கூடச் செல்வதும் எமது வேலை. இதற்குப் பணம் வேண்டியதில்லை.

முதல் மட்டையை எழுதி முடித்துவிட்டோம். அது எமது அம்மம்மாவினுடையது. "இப்பவும் நீ சொன்னாச் சரிதானோ, மோனை?" என்று அதனை வாங்கும்போது கேட்டார். "நான் சொன்னால் இல்லை, அம்மம்மா, டாக்டரிட்டைக் காட்டிக் கேட்டபிறகுதான் எழுதினனான்" என்றோம். சிரித்துக்கொண்டு இடுப்பிலே செருகிக்கொண்டார்.